வலேரியு ஐயா போட்ட கையெழுத்து

லாசால், மொன்றியல்
18 பெப்ரவரி 2007

என் செல்ல மகள் கஜந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் நோவைத் தவிர எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையுமில்லை, நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன கிழமை ரெலிபோனில் அழாத குறையாகத் திட்டினாயே, நீ புது விதிகள் எழுதிக் கொடுக்கப் போன மொல்டோவா அரசாங்க அலுவலகத்து வலேரியு ஐயா, அவர் முந்தாநாள் எங்கள் வீட்டில்தான் படுத்தார். கனடாவில் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று ஒட்டாவாவில் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பனிப்புயலில் விமானம் நின்றுவிட, நீ அவசரத்துக்குக் கொடுத்த நம்பருக்கு எடுத்தார், அப்பா போய்க் கூட்டி வந்தார். நீ சொன்ன கதைக்கு ஒரு ராட்சதன் வருவான் என்று பார்த்திருந்தேன், வந்தவரோ மெலிந்த மனிதர், தன் சப்பாத்தோடு அப்பாவின் சப்பாத்தையும் சேர்த்து வாசலில் நேராக அடுக்கினார்.

புட்டும் நண்டுக்கறியும் கொடுத்தேன், உறைப்பில் கண்ணீர் ஓட ஓட இன்னும் கேட்டார். அவருக்கும் அப்பாவுக்கும் பிரெஞ்சு வரும் என்பதால், ஒரு யன்னல் சீலை வாங்கவும் ஏன் பிரதமரிடம் கடதாசி அனுப்புகிறீர்கள், நீங்களே கையெழுத்துப் போட்டால் என்ன என்று கேட்கச் சொன்னேன். விருந்தாளியிட்டை இப்படிக் கேக்கிறதே என்று அப்பா நெளிந்தார். கேளுங்கோ, பிள்ளையின்ரை நித்திரையெல்லோ போகுது என்றேன். அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு யோகேந்திரனின் பார்சல் வந்தது, யோகேந்திரன் வீட்டில் இல்லை. என் கையெல்லாம் நண்டு, அப்பாவின் கையும் அப்படித்தான். கரண்டியால் சாப்பிட்ட வலேரியு ஐயாவையே கையெழுத்துப் போடச் சொல்லிச் சைகை காட்டினேன், மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அப்பா பகிடி விட, அவர் மெல்லச் சொன்னார். கம்யூனிஸ்ட் காலத்தில் அவருடைய மேலதிகாரி ஒரு உழவு இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டாராம், அது பழுதாகிப்போக, விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் ஆளைத் திருப்பிக் கொண்டுவரவே இல்லையாம். அந்தக் கதிரையில்தான் இவரை இருத்தினார்களாம். அப்பா அதன்பிறகு சிரிக்கவில்லை, ஊரிலை ஆமிக்காரன் நீட்டின கடதாசியிலை கையெழுத்து வைக்கப் பயந்த ஆக்கள்தான் நாங்களும் என்று மட்டும் சொன்னார். பார்சல்காரன் வாசலில் நின்று கால் உதறிக்கொண்டிருந்தான். இது துலைஞ்சால் ஆர் பொறுப்பு என்று வலேரியு ஐயா அப்பாவைக் கொண்டு கேட்டார். நான்தான் என்றேன். போட்டாரே ஒரு கையெழுத்து, கட்டத்தைத் தாண்டி அடுத்த வரியில் இருந்த மற்றவன் பெயருக்கு மேலேயும் போனது! யோகேந்திரன் வந்ததும் தானே தூக்கிப்போய்க் கொடுத்து, பிரித்துப் பார்க்கும்வரை அங்கேயே நின்றாராம்.

ஆகவே அவரை விலக்கச் சொல்லி மேலே எழுதப் போவதாகச் சொன்னாயே, அதை எழுதாதே. உன் புது விதிகளில் முதலாவதாக இதைப் போடு: கையெழுத்து வைத்தவர் பிழைவிட்டால் வேலையை விட்டு அனுப்பலாம், ஆளை இல்லாமல் ஆக்க ஏலாது. அதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பேனையைக் கொடு பார்ப்போம்.

மார்ச் 7 புதன்கிழமை அப்பாவின் பிறந்தநாள், ரெலிபோன் எடு, தனக்கே மறந்துபோனது போல நடிப்பார், நம்பாதே. பிள்ளையார் உனக்கு முன்னே நடக்கட்டும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா யோகராணி