காற்று போன தண்ணீர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கூத்து. காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்தி, அதில் கலந்த சாயத்தை வெளுக்க வைப்பதுதான் என் வேலை. சுத்தமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கொதிக்கவைத்து, கரைந்திருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டேன். மூன்று நாளாகியும் சாயம் கொஞ்சமும் வெளுக்கவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

அவர் குடுவையைப் பார்த்து, நான் செய்ததையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. குமிழிதான் இல்ல. பொடிப்பொடியா குமிழி வந்து உடைஞ்சாதானே சூடு பிறக்கும், சாயம் போகும்? வேண்டாத காத்துன்னு எல்லாத்தையும் விரட்டிட்டீங்களே."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அறைக்கு வந்ததும் உங்கள் நினைவு வந்தது. பூனை மாடியேறியது, எதிர்வீட்டார் கதவுக்குப் பெயின்ட் அடித்தது என்று போனில் நீங்கள் ஆரம்பிக்கும்போதெல்லாம், "விஷயத்துக்கு வாங்கப்பா" என்று வெட்டிவிடுவேன். இப்போது, "எல்லாரும் சௌக்கியம்மா" என்று ஒரே நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறீர்கள்.

நான் கேட்டிருந்த பழைய ஸ்வெட்டரை அனுப்பும்போது, அதோடு உங்கள் கையால் நாலு பக்கம் எழுதி வையுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எதிர்வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் அடித்தார்கள், அப்பா?

உங்கள் மகள்