உண்மை நகல்

14.7, திங்கள்

காலையிலிருந்தே தூசிக் காற்று. கடை ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன். வாங்க வேண்டியது: ஏ4 தாள், ஸ்டேப்ளர் பின், வீட்டுக்குப் புளி.

மத்தியானம் போன். திண்டுக்கல் ஓவியக் கண்காட்சிக்கு நான் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த மல்லிகைப் படங்கள் தேர்வாம்! வீட்டுக்காரர் நம்பவில்லை. "நெசமாவா? ஜெராக்ஸுக்கா?"

ஜெராக்ஸுக்குத்தான். தலைக்கு வாங்கிய சரத்தைக் கண்ணாடியில் வைத்து ஒரு நகல். அந்த நகலுக்கு நகல், அதற்கும் நகல். போகப் போகப் பூ கரைகிறது. கடைசித் தாளில் பூவே இல்லை, ஆனாலும் மல்லிகைதான். நாள் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

16.7, புதன்

படங்களோடு திண்டுக்கல் மண்டபம். பொறுப்பாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஒரிஜினல் எங்க?"

"அன்னைக்கே தலையில வச்சுக்கிட்டேன் சார். மறுநா வாடிப்போச்சு."

சிரிக்கவில்லை மனுஷன். அசலைத்தான் மாட்டுவார்களாம், விதியாம்.

கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் நான் சொல்வது: நகலில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும், ஆபீசில் வாங்கிக்கொள்வார்கள். அங்கேயே பேனாவை எடுத்தேன். எல்லாத் தாளிலும் 'உண்மை நகல்', கீழே ஜெசிந்தா.

"கையெழுத்துப் போட்டா ஒரிஜினல் ஆயிருமா?"

"ஆதார் கார்டுக்கு ஆகுதுல்ல சார்?"

ஆகாதாம். சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊர் திரும்பும் வத்தலக்குண்டு பஸ்ஸில் அழுகை. துக்கமில்லை, கோபம்.

17.7, வியாழன்

ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் நகலெடுக்கக் கூட்டம். யாரிடமும் சிரித்துப் பேசவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர்: "அடுத்த வருசம் நீ கையால ஒண்ணு வரைஞ்சு குடுத்துரு. எதுக்கு வம்பு?"

மாட்டேன். வரையத் தெரியாமல் இல்லை, பள்ளியில் பரிசே வாங்கியிருக்கிறேன். வரைந்தால் நான் நினைத்ததுதான் வரும். இதில் நான் நினைக்காததும் வருகிறது. அது அவர்களுக்குப் புரியாவிட்டால் போகட்டும்.

18.7, வெள்ளி

விலைப்பட்டியலைக் கிழித்துவிட்டுக் கடைச் சுவர் முழுக்க என் படங்களை ஒட்டினேன். பூக்கார முத்தக்கா ரேஷன் கார்டோடு வந்தவர், சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏத்தா, இது நம்ம மல்லியில்ல? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

ஒரு தாளை உரித்து மிஷினில் வைத்தேன். டோனர் மை தீர்கிற நேரம் போல. நடுவில் வெள்ளையாகக் கோடு, இரண்டு பக்கமும் மழைச் சாரல் மாதிரி. இதுவரை நான் பார்க்காத படம்.

"நல்லாருக்கே, குடு."

கொடுக்க மனசு வரவில்லை. அதை மேசைக்குள் வைத்துவிட்டு, அக்காவுக்கு இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன்.