முகத்தின் பெரும்பகுதி

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கு மறுபடி அவர் பதில் போட்டார். இரண்டே வரி. கடையில் நின்றுகொண்டே சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளி சிராஜ் பாய் முறைத்தார்.

டெலிகிராமில் எங்களுக்கு ஒரு குரூப் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து சரக்கு இறக்குகிறவர்கள், இறக்க ஆசைப்படுகிறவர்கள், என்னைப் போல சும்மா பைத்தியம் பிடித்தவர்கள். எந்தப் பொருளுக்கு எந்தச் சுங்க எண் என்பது மட்டும்தான் பேச்சு. அதில் அவர் பெயர் 'சாப்டர் நைன்ட்டி', சுங்கப் புத்தகத்தில் கண்ணாடி வகை வருகிற தொண்ணூறாவது அத்தியாயம். புரொஃபைல் படத்தில் ஒரு ஸ்டேப்ளர். ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

இன்று ஒருவன் குட்டி கூலிங்கிளாஸ் படம் போட்டு எண் கேட்டான். நாற்பது பேர் சண்டை போட்டார்கள். அவர் வந்து கேட்டது இதுதான்: போடப்போவது பிள்ளையா, பிள்ளையின் பொம்மையா? பிள்ளை என்றால் கண்ணாடிகளோடு, பொம்மை என்றால் பொம்மைகளோடு. முடிந்தது.

ஒரு மனுஷ மூளை இவ்வளவு சுத்தமாக வேலை செய்யுமா? உலகத்தில் இருக்கிற அத்தனை பொருளுக்கும் ஒரு புத்தகத்தில் ஓர் இடம் இருக்கிறது, அந்தப் புத்தகம் முழுக்க ஒரு ஆளுடைய தலைக்குள் இருக்கிறது. அவருடைய பதில்கள் இருநூற்றுப் பதினாறு என் போனில் தனி ஃபோல்டரில் இருக்கின்றன.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் அர்பாஸ். தம்பிக்குத் தமிழ் படிக்க வராது. ஹிந்தியில் எழுதினால் வீடே சிரிக்கும்.

ஜூலை 3, வியாழன்

பெரிய செய்தி. சிராஜ் பாய் முதல்முறையாகத் தன் பெயரிலேயே சரக்கு இறக்குகிறார். இத்தனை வருடம் மொத்த வியாபாரியிடம் வாங்கிக் குர்லாவில் விற்றவர். நானூறு வெல்டிங் கண்ணாடி. தாராவிப் பட்டறைக்காரர்கள் போடும் கறுப்புக் கண்ணாடி கண்ணை மட்டும்தான் காக்கும். கன்னமும் கழுத்தும் வெளிச்சம் பட்டுத் தோல் உரியும். இது அப்படி இல்லை, தரமான சாமான். கப்பல் கிளம்பிவிட்டது.

சுங்க எண் என்ன என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! நான் யோசிக்கவே இல்லை, 9004, கண்ணாடி வகை என்றேன். "நிச்சயந்தானா பிள்ள?" என்றார். நிச்சயம் பாய் என்றேன். அங்கேயே தாளில் குறித்துக்கொண்டார்.

அப்புறம்தான் சப்ளையர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கிளிப் போட்டு ஒரு முகமூடி மாட்டியிருக்கிறது. தாடை வரைக்கும்.

குரூப்பில் கேட்கலாம் என்று படத்தை எடுத்தேன். எடுத்து - கண்ணாடி மட்டும் தெரிகிற மாதிரி கிராப் செய்து போட்டேன்.

ஏழு நிமிடத்தில் சாப்டர் நைன்ட்டி: "வெல்டர் காகிள்ஸ். 9004."

எனக்கு! என் கேள்விக்கு! இருநூற்றுப் பதினேழு.

ஜூலை 4, வெள்ளி

ஏன் கிராப் செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 18, வெள்ளி

துறைமுகத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். நம் சரக்கை எடுத்துத் தருகிற ஏஜென்ட் நாகராஜ் அண்ணன் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். அதிகாரி ஒன்றை எடுத்து நாகராஜ் அண்ணனையே மாட்டச் சொன்னாராம். மாட்டினால் முகமே இல்லை. முகத்தின் பெரும்பகுதியை மறைப்பது கண்ணாடி வகையில் வராது, அதற்கு வேறு எண், இது சுங்கப் புத்தகத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறதே என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்.

இருக்கிறது. இப்போது போய்ப் படித்தேன். வெல்டர்களையே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. நானூறு தடவை திறந்த பக்கம்.

வரி கூடுமா குறையுமா என்பது இல்லை சிராஜ் பாயின் பயம். முதல் சரக்கிலேயே பொய் சொன்னவன் என்று எழுதிவிட்டால், இனி அவர் பெயரில் வருகிற ஒவ்வொரு பெட்டியையும் அடி வரைக்கும் கொட்டிப் பார்ப்பார்கள். மொத்த வியாபாரியிடம் இனி உன் சரக்கு வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் திரும்பிப் போக முடியாது.

மதியம் அவர் சாப்பிடவில்லை.

ஜூலை 19, சனி

குரூப்பில் போட்டேன். இந்தமுறை முழுப் படம்.

சாப்டர் நைன்ட்டி எழுதினார்: "இது அன்றைய அதே சரக்கா?" ஆமாம் என்றேன். பிறகு எல்லாரும் பார்க்க: "கூட வேறு பாகம் உண்டா என்று கேட்காமல் பதில் சொன்னேன். தவறு என்னுடையது."

உடனே அத்தனை பேரும் ஸ்டிக்கர். விழுந்த சிலை, உடைந்த கிரீடம். பொம்மைக் கண்ணாடிக்காரன்கூட ஒரு சிரிப்பு போட்டான். போனைத் திருப்பி மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

அவங்க தப்பு இல்லையே. என் தப்புதானே. அதை நாலு வார்த்தைல அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அடிக்கல. அடிச்சு அடிச்சு அழிச்சேன்.

சிராஜ் பாய் இன்னொன்று சொன்னார். அந்த முதல் பதிலின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி, தெரிந்த ஆள் சொன்னதை நம்பித்தான் போட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமாம். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

அவரிடமிருந்து தனியாக மெசேஜ் வந்தது. ஒரு நம்பர், கூப்பிடு என்று.

கூப்பிட்டேன். பெண். நல்ல தமிழ்! பெயர் மாலதி. செம்பூரில் ஒரு கிளியரிங் ஆபீசில், துறைமுகச் சரக்கை எடுத்துத் தருகிற இடத்தில், வேலை. என்னைவிட எட்டு ஒன்பது வயதுதான் அதிகம் இருக்கும். பின்னால் பிரஷர் குக்கர் விசில் கேட்டது. சாப்டர் நைன்ட்டி வீட்டில் சோறு வைக்கிறார்.

வேறு நாளாக இருந்தால் செத்தே போயிருப்பேன், சந்தோஷத்தில்.

தேவைப்பட்டால் அந்தப் பதிலை நான்தான் கொடுத்தேன் என்று என் பெயரில் எழுதித் தருகிறேன் என்றார். அப்போது உங்கள் ஆள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று ஆகும். உங்க ஆபீஸ் ஒன்றும் சொல்லாதா என்றேன். "வெளி ஆளுக்கு யோசனை சொல்லக்கூடாதும்பாங்க. பாத்துக்கலாம், சொன்னது நான்தானே." மார்க்கெட்டில் தக்காளி இல்லை என்கிற குரலில் சொன்னார்.

பாத்துக்கலாமாம். வேலை போயிரும்லா? நான் ஒரு படத்தோட ஓரத்தை வெட்டுனதுக்கு அவங்க வேலைய விடணுமா? நான் என்ன ரசிகை?

போனை வைக்கும்போது நன்றி சொன்னேன். நன்றி மட்டும்.

ஜூலை 21, திங்கள்

சொல்லிவிட்டேன்.

முதலில் சிராஜ் பாயிடம், கடை ஷட்டரைத் தூக்கியதும். அவர் கையில் சாவி அப்படியே இருந்தது. "என்னத்துக்கு பிள்ள வெட்டுன?" என்றார். உங்ககிட்ட நிச்சயம்னு சொல்லிட்டேன் பாய், அவங்க இல்லன்னு சொல்லிருவாங்களோன்னு பயம் என்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே அடுக்கி இருந்ததை.

பிறகு குரூப்பில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதினேன்: முழுப் படம் அன்றே என்னிடம் இருந்தது. வெட்டியது நான். அவர் சொன்ன பதில் அவர் பார்த்த படத்துக்குச் சரி. என் பெயர் அஃப்ஷா. போட்டுவிட்டு மாலதி அக்காவைக் கூப்பிட்டேன்.

அவர் கோபப்பட்டார். நிஜமான கோபம். "என்னை முட்டாளாக்கினது பரவால்ல. அந்தக் கடைக்காரரைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சியா நீ?"

அதற்கு அடுத்த மூச்சில் கேட்டார், வெட்டியது குரூப்புக்கு மட்டுந்தானா, சுங்கத்துக்குக் கொடுத்த தாளிலும் வெட்டினாயா?

இல்லை. அங்கே சப்ளையர் அனுப்பியது அப்படியே போனது.

இன்வாய்ஸைப் படி என்றார். படித்தேன்: முகக்கவசத்துடன் கூடிய வெல்டிங் காகிள்ஸ். கேட்டலாக் பக்கத்தில் முழுப் படம். இதுவரை எங்களில் யாரும் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் பழியை யார் மேல் போடலாம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். பொருளை மறைக்கவில்லை, எண்ணைத்தான் தப்பாகப் போட்டீர்கள், அதையே எழுதித் திருத்தம் கேளுங்கள், சாக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். நாகராஜ் அண்ணனையும் லைனில் சேர்க்கச் சொல்லி, அவரிடம் கடிதத்தை வரி வரியாகச் சொன்னார். மொத்தம் ஏழு வரி. ஒரு வார்த்தையை எடுக்க முடியாது.

கோபம் தீராமலே இவ்வளவும் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜூலை 25, வெள்ளி

திருத்தம் ஏற்றுக்கொண்டார்கள். பெட்டி வெளியே வந்துவிட்டது. பொய் என்று எங்கேயும் எழுதவில்லை.

சுங்கத் தாள் வேலை இனி நாகராஜ் அண்ணன் பார்ப்பார், நீ கவுண்டரில் இரு என்று சிராஜ் பாய் சொன்னார். சரி என்றேன். குரூப்பில் என்னை யாரும் டேக் செய்வதில்லை. மாலதி அக்காவிடமிருந்து ஒன்றும் இல்லை.

ஃபோல்டரில் இருநூற்றுப் பதினேழாவதை மட்டும் அழித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

தாராவியில் இசக்கிதுரை மாமா பட்டறைக்குப் பத்துக் கண்ணாடி கொடுக்க வந்தேன். மாமா ஒன்றை மாட்டிக்கொண்டு கேட் கம்பியைப் பற்றவைத்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். முடிந்ததும் நிமிர்ந்தார். கண் தெரியவில்லை, மூக்கு, வாய், தாடை ஒன்றும் தெரியவில்லை. "ஏ பிள்ள, நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்று குரல் மட்டும் வந்தது. முகத்தின் பெரும்பகுதி என்றால் என்ன என்று இன்றுதான் பார்த்தேன். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன்.

அங்கேயே போன் அடித்தது. மாலதி அக்கா. நலமா என்றெல்லாம் கேட்கவில்லை. அவர் ஆபீசுக்கு ஒரு சாம்பிள் வந்திருக்கிறது, இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பிடிக்கிறவர்கள் முகத்தில் போடுவது, கம்பிவலை. மேலே மடக்கலாம், கீழே இறக்கலாம். வேலை செய்யும்போது எவ்வளவு இறக்குவார்கள், எவ்வளவு முகம் மறையும் என்று புத்தகத்தில் இல்லை. தான் ஒரு பட்டறைக்குள் கால் வைத்ததே இல்லை என்றார்.

சாம்பிளை ஆள் மூலம் அனுப்புகிறாராம். யாருக்காவது மாட்டி வேலை செய்ய வைத்து, போட்டோ எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போட்டோ வேண்டாம். நீ பாத்துட்டுச் சொல்லு."

பட்டறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாம்பிள் இன்னும் வரவில்லை. மாமாவிடம் கிரைண்டரை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.