மிச்சமிருக்கும் பிரேக் ஆயில்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் தாய்மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், ஒர்க்‌ஷாப்பும் சௌக்கியம். போன வாரம் ஒரு பெரிய ரேஸ்காரர் விமானத்தில் வந்து இறங்கி, நேரே என் ஷெட்டுக்கு வந்து, "பிரேக்குன்னா அது உங்க கைதான் அண்ணே" என்றார். விமானம் என்பது கொஞ்சம் கூடுதல், பஸ்ஸில்தான் வந்தார். ஆனால் அண்ணே என்று கூப்பிட்டது நிஜம்.

உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு முதல் தடவையாகப் போட்டியில் ஓட்டப்போகிறாய், பயிற்சியில் நாலாவது சுற்றிலேயே பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனிடம் காலேஜ் படித்தவள் சந்தேகம் கேட்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். சரி, கேட்டுக்கொள்.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால், சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட் வெந்துவிட்டது என்று அர்த்தம். ரேஸுக்கு என்றே வருகிற பேடைப் போடு. போட்டதும் பறக்காதே, பத்துத் தடவை பிடித்து விட்டு, சூடேற்றிப் பழக்கு. வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுக் காலை எடு, தடவிக்கொண்டே போகாதே. டிஸ்க்குக்குக் காற்று போகக் குழாய் வை. கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு. நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதே, சூட்டில் பேட் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கை முகர்ந்தே எத்தனை டிகிரி என்று நான் சொல்லிவிடுவேன். உனக்கு அந்த மூக்கு இல்லை, மீட்டர் வாங்கிக்கொள்.

ஆனால் உன் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது என்றால் கோளாறு ஆயிலில். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். குடித்த தண்ணீர் சூட்டில் கொதித்து ஆவியாகும். ஆவியை மிதிப்பதும் தலையணையை மிதிப்பதும் ஒன்று, வண்டி நிற்காது.

இனி எழுதப்போவதை நான் பெரிதாக்கவில்லை. மாமன் ஒன்றைப் பத்தாக்குவான் என்று குடும்பத்துக்கே தெரியும். இதை மட்டும் ஒன்றாகவே எடுத்துக்கொள்.

உன் கடிதத்தை ஷெட்டில் வைத்து உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நல்ல பகல். மூலையில் உன் அப்பா கடைசியாக ஓட்டிய வண்டி, ஆறு வருஷமாகத் தார்ப்பாய் மூடி நிற்கிறதே, அங்கேதான் நிற்கிறது. அதில் பேட்டரி கிடையாது, நானே கழற்றினேன். "ஊரிலிருந்து கிளம்பும்போது நீங்கள் கொடுத்த ஆயிலில் பாதி டப்பா மிச்சம் இருக்கிறது மாமா, அதையே ஊற்றிக்கொள்கிறேன்" என்ற வரியைப் படித்தேன். தார்ப்பாய்க்கு உள்ளே பிரேக் லைட் சிவப்பாக எரிந்தது. படிப்பதை நிறுத்தினேன். அணைந்தது. அதே வரியை மறுபடி படித்தேன். எரிந்தது. உன் அம்மா வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். "என்னடா, சொன்னதையே சொல்ற, கண்ணு மங்கிடுச்சா" என்று திட்டினாள்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் ஷெட்டுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கருகிய பிரேக் வாசனை. அன்றைக்கு ஒரு வண்டியும் வேலைக்கு வரவில்லை. "டேய், அன்னிக்கு அவர் சட்டையில இருந்த வாசனைடா இது" என்றாள். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலையும் லேசான சூடு என்று சொல்கிறவள் உன் அம்மா. அவளும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றால் யாரும் நம்புவதில்லை.

அவள் போன பிறகு தார்ப்பாயை விலக்கினேன். துருப்பிடித்த டிஸ்க்கைத் தொட்டேன். கொப்புளம் இன்னும் விரலில் இருக்கிறது, பேனா பிடிக்க வலிக்கிறது. கதவைத் திறந்து பார்த்தேன். பெடல் தரையோடு தரையாகக் கிடந்தது. கையால் தூக்கிவிட்டேன். அது மறுபடி இறங்கியது. பிறகு மேலே வந்தது, இறங்கியது, வந்தது, இறங்கியது, வேகம் வேகமாக. பிரேக் ஏமாற்றிவிட்டால் தெரிந்த ஓட்டுநர் விட்டு விட்டு மிதிப்பானே, அந்த மிதி. அவ்வளவு சுத்தமான மிதியை முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. ஸீட்டில் யாரும் இல்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்து ஆயிலை மாற்று என்றேன். நீ சிரித்தாய். "ஆயில்ல ஒண்ணும் இல்ல மாமா. அப்பா மாதிரி தடவித் தடவிப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். நீங்கதானே சொன்னீங்க" என்றாய். ஆமாம், நான்தான் சொன்னேன். சாவு வீட்டிலேயே சொன்னேன், மச்சானுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது என்று. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். போனில் அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குப் பிரேக் பிடிக்கத் தெரியும். அந்தக் கடைசிப் போட்டியன்று காலை ஆயிலை மாற்றச் சொன்னார். நான் ரேஸ்காரர்கள் நடுவில் நின்று என் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். பழைய ஆயிலை இறக்கவில்லை. மழைக்காலத்தில் திறந்து, மூடி சரியாகத் திருகாமல் அலமாரியில் கிடந்த டப்பாவில் இருந்ததை மேலே கொஞ்சம் ஊற்றினேன். "மாத்தியாச்சு மச்சான், பறந்துட்டு வாங்க" என்றேன். மச்சான் என் தோளில் தட்டிவிட்டுத்தான் ஏறினார்.

திறந்த டப்பாவை வைத்துக்கொள்வதை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். அதைக் கொட்டிவிடு. பிரேக் குழாயில் இருக்கிற ஆயிலையும் சொட்டு விடாமல் இறக்கிவிடு. மூடி உடைக்காத புது டப்பாவை உன் கண்முன்னால் உடைத்து ஊற்றச் சொல், காற்றுக்குமிழ் போகும் வரை நீயே பக்கத்தில் நில். யாராவது மாத்தியாச்சு என்று சொன்னால் நம்பாதே, என்னைப் போல எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இதை ஒட்டுவதற்கு முன்னால் அவளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். உறைமேல் விலாசம் அவள் எழுத்தில் இருந்தால், படித்துவிட்டேன் என்று அர்த்தம். இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்ததில் இருந்து மூலையில் பெடல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. அவர் காலை எடுத்துவிட்டாரா, காத்திருக்கிறாரா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ மிதிக்கிற இடத்தில் வண்டி நிற்கட்டும். நின்றதும் நீயே கதவைத் திறந்து, உன் காலாலேயே இறங்கி நட, கண்ணு.

உன் அப்பாவுக்குப் பொய் சொன்ன
உன் தாய்மாமன்