உன் பெயருக்கு மேலே இருக்கும் பெயர்கள்

தின்னர் வாசனை வகுப்பு வரைக்கும் வருகிறது. ஆண்டுவிழா நெருங்குவதால் தண்ணீர்த் தொட்டிக் கல்லின் எழுத்துகளுக்கு மறுபடியும் தங்க நிறப் பெயிண்ட் பூசுகிறார்கள். உன் நினைவாகப் பள்ளியில் கட்டிய தொட்டி அது. பெயிண்டர் மேலிருந்து தொடங்கினார். உன் பெயருக்கு வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. பிரஷை டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கு ஜன்னல் பக்கம் திரும்பவே முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நம் இருவரையும் சேர்த்து ஒரு செயல்திட்டம் கொடுத்தார்களே, 'நம் ஊரின் நினைவுச் சின்னங்கள்' என்று. நான் நூலகத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தேன். நீ உன் அம்மாவின் கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் எடுத்துக்கொண்டு வந்தாய். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, சிலை சிலையாகச் சுற்றினோம். மாலை போடுவதற்காகச் சிலையோடு சேர்த்தே வைத்திருந்த இரும்பு ஏணியைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "ஏய் படிப்ஸ், இவரு ராத்திரி எறங்கி டீ குடிச்சிட்டு ஏறிக்குவாரோ?" நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பேசாம இருடி, பெரியவங்க பாக்குறாங்க" என்றேன். பீடத்துக் கல்லைப் படித்தபோது நீ இன்னும் சத்தமாகவே சொன்னாய்: "தொறந்து வச்சவரு பேருதான்டி பெருசா இருக்கு. இதுல செத்தவரு யாரு, தொறந்தவரு யாருன்னே தெரியல."

காந்தி மார்க்கெட் முன்னாலிருக்கும் போர் நினைவுச் சின்னத்தில் மட்டும் நீ சிரிக்கவில்லை. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எண்ணிக்கை மட்டும் இருந்தது. நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். "பேரு?" என்றாய். இல்லை என்றேன். தக்காளி ஏற்றிய வண்டிகள் நம்மை இடித்துக்கொண்டு போயின. நீ கல்லைச் சுற்றிப் பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்.

ஸ்ரீரங்கத்தில் நாம் சண்டை போட்டோம். கிழக்கே இருக்கும் வெள்ளைக் கோபுரத்தின் கதையைப் பூக்கடைக்காரம்மா சொன்னார்: வெள்ளாயி என்ற பெண் எதிரிப்படைத் தலைவனை மேலே அழைத்துப்போய்த் தள்ளிவிட்டாள், பிறகு தானும் குதித்தாள், அவள் நினைவாகத்தான் கோபுரத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்று. எழுத்துச் சான்று கிடைக்கவில்லை, சேர்க்க வேண்டாம் என்றேன் நான். "பூக்காரம்மாவுக்கு அவ பேரு தெரியுதுல்ல? இன்னும் என்னடி வேணும் உனக்கு?" என்று கத்தினாய். திரும்பும் பஸ்ஸில் நீ பேசவே இல்லை. ஆனால் ஜன்னலோரத்தை எனக்கே விட்டாய்.

அடுத்த ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

தொட்டி கட்டலாம் என்று முடிவானபோது தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு வாசகம் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சிரிப்பை அடக்கத் தெரியாதவள். கொண்டுவந்த இட்லியில் பாதியை யாருக்கும் கொடுப்பவள். பஸ்ஸில் ஜன்னலோரத்தைத் தோழிக்கு விட்டவள். அவர் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா கல்லுல எடம் பத்தாது. சிறப்பு விருந்தினர், தலைவர், நிதி கொடுத்தவங்க, எல்லார் பேரும் வரணும்ல? சுருக்கிக் குடு" என்றார். நானே சுருக்கினேன். 'அன்பு மாணவி' என்று போட்டு, உன் பெயர், 'நினைவாக'. அவ்வளவுதான். "உன் பேரையும் போடச் சொல்லிடுறேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இப்போது உன் பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'வாசகம்' என்று என் பெயர் இருக்கிறது.

திறப்பு விழாவுக்கு உன் அம்மா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கடையை மூடிவிட்டு ஓடி வந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "எங்க கண்ணு அவ பேரு?" என்றார். தொட்டுக் காட்டினேன். "இவ்ளோ எழுத்தும் அவளப் பத்தியா?"

"ஆமாங்கம்மா."

"படி, கேக்குறேன்."

விரலை வைத்துப் படித்தேன். விரல் சிறப்பு விருந்தினர் பெயரின் மேல் போகும்போது வாய் 'சிரிப்பை அடக்கத் தெரியாதவள்' என்றது. தலைவர் பெயரின் மேல் உன் இட்லியைச் சொன்னேன். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "இதெல்லாமா கல்லுல எழுதுவாங்க! லால்குடிலேர்ந்து அக்கா வருது. அது நல்லாப் படிக்கும். கூட்டியாந்து காட்டுறேன்."

அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. உன் பெரியம்மா அந்தக் கல்லின் முன்னால் நின்று படிக்கும்போது உன் அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று நினைத்தபடியே மறுநாள் பள்ளி விட்டதும் பாலக்கரையில் அவர் கடைக்குப் போனேன். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி நிற்கவில்லை.

"அப்ப கல்லுல யாரு பேருதான் இருக்கு?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"உன் பேரு?"

"இருக்குங்கம்மா. அவ பேருக்குக் கீழ."

யாரோ நாலு இட்லி கேட்டார்கள். கட்டிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நேத்து நீ படிச்சியே, அது எங்க எழுதியிருந்துச்சு?"

"எங்கயும் இல்லங்கம்மா."

"இல்லாமலா அப்படிக் கடகடன்னு படிச்ச?" கொப்பரையை மூடினார். "ஞாயித்துக்கெழம அக்கா வருது. அந்தக் கல்லு வேணாம். நீ இங்க வந்து படி."

மன்னித்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. என் பெயரை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியையிடம் போனேன். செதுக்கியதை எப்படியம்மா எடுப்பது என்று கேட்டார். தாகம் எடுத்தாலும் அந்தத் தொட்டிப் பக்கம் நான் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் அம்மாவும் பெரியம்மாவும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டு அந்த மூன்று வரிகளையும் சொல்லி முடித்தேன். உன்னைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது அவ்வளவுதான். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம்?" என்றார் உன் அம்மா.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் கேட்கிறார். வாரம் முழுவதும் உன்னை நினைத்து நினைத்துச் சேர்த்துக்கொண்டு போகிறேன்.