விடை தெரிந்த சாம்பிள்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதற்காக அவரைத் திட்டாதே. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறாயாம், எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதில்லையாம். உன் மேலதிகாரி இரண்டு மாத லீவு கொடுத்து, யாராவது மனநல ஆலோசகரைப் பாருங்கள், கையெழுத்துப் போடுகிறவராகத் திரும்பி வாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்றாராமே. வீட்டிலும் நீ உட்காருவதே இல்லையாம். மாரடைப்பு வந்து பிழைத்தவர் அவர், அவரே சிரித்துக்கொண்டு நடமாடுகிறார். உனக்கு என்ன?

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவரைத் தேடு. தூரமென்றால் நீ பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். முதல் ஆள் பிடிக்காவிட்டால் அடுத்தவர். செருப்பு வாங்கினால்கூடப் போட்டு நடந்து பார்க்கிறோமே.

உன்
வாலு

பிப்ரவரி 13

அன்புள்ள வாலு,

உன் மிரட்டல் கடிதம் கிடைத்தது. நான் நலம். உன் அத்தானும் நலம். மாடிப்படியில் வேகமாக ஏறுகிறார், சொன்னால் கேட்பதில்லை. போதாததற்கு, இப்போது குளிக்கும்போது பாட்டு வேறு. இருபத்து மூன்று வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. கேட்காமலேயே இருந்திருக்கலாம்.

ஆலோசகர் வேட்டையைச் சொல்கிறேன். பேசித் தீரும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது உனக்கே தெரியும். ஆனால் எதையும் சோதிக்காமல் தள்ளுகிறவளும் இல்லை. ஒரு பரிசோதனைக் கூடத்தை நம்பலாமா என்று பார்க்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஏற்கெனவே விடை தெரிந்த சாம்பிளை, ஒன்றும் சொல்லாமல் அங்கே அனுப்புவோம். சரியான விடை வந்தால்தான் மற்றவற்றை அனுப்புவோம். இங்கேயும் அதையே செய்தேன். என் விஷயத்தைச் சொல்லவில்லை. விடை தெரிந்த வேறொரு கதையை என்னுடையதாகச் சொன்னேன்.

முதல் ஆள் கடைத்தெரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கிறார். படியில் கால் வைத்ததுமே கடைக்காரர், "மாடிக்கா மேடம்? நேரா போங்க, செருப்பை உள்ளேயே விடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி வழி சொன்னார். ஆலோசகர் நான் சொன்னதில் கால்வாசி கேட்டார். மீதி நேரம் அவர் மகள் எப்படிப் பரீட்சைப் பயத்தைத் தாண்டினாள் என்பதை நான் கேட்டேன்.

இரண்டாமவர் இளைஞர், ஆஸ்பத்திரியில். என் துக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவேன் என்று கேட்டார். எந்த அளவுகோலில் என்று கேட்டேன். உங்கள் மனதுக்குப் பட்டபடி என்றார். அளவுகோலே இல்லாமல் எப்படி அளப்பது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது.

இரண்டு பேரும் தேறவில்லை. இன்னும் ஒருவரைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்த சிரிப்பில் என் நோயாளி பயந்துவிட்டார். பாவம், முழங்கால் வலிக்குப் பயிற்சி செய்ய வந்தவர்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சோதனை நடப்பது அவர்களுக்கா, உனக்கா? உன் சாம்பிளை எப்போது கொடுக்கப் போகிறாய்? லீவு கரைந்துகொண்டிருக்கிறது.

அப்படி என்ன கதைதான் சொன்னாய்? எழுது, நானும் கேட்கிறேன்.

வாலு

பிப்ரவரி 25

அன்புள்ள வாலு,

மூன்றாமவரைப் பார்த்தேன். பக்கத்துத் தெருவில், சலவைக் கடையை ஒட்டிய முன்னறை. என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுற்றும் சத்தம். அது நிற்கும்போதெல்லாம், குரல் அந்தப் பக்கம் கேட்டுவிடுமென்று அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து ஜன்னலோரம் நின்றேன். அவர் தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதே கதையைச் சொன்னேன். நீ கேட்டாய், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். அது உன் கதை. கணவனை விட்டு வந்த பெண், அழுகை வரும் என்று காத்திருந்தாள், வந்தது நிம்மதி, அந்த நிம்மதிதான் குற்றமாக உறுத்தித் தூங்க விடவில்லை. உறுத்தியது பிரிவு அல்ல, நிம்மதி என்று நீ கண்டுபிடிக்க எத்தனை மாதம் ஆயிற்று. அதை யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன். எனக்கு முழுதாகத் தெரிந்த கதை அது ஒன்றுதான் என்றும் நினைத்தேன்.

அவர் நான் எதிர்பார்த்த எதையும் கேட்கவில்லை. "அந்த வீட்டை விட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எங்க படுத்தீங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அவர், இயந்திரம் நின்று மறுபடி சுற்றத் தொடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "பரவாயில்லம்மா. அடுத்த வாரம் வாங்க. வரும்போது உங்களோடதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

நீ எங்கே படுத்தாய்?

அக்கா

மார்ச் 2

அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன். உன் ஒருத்தியிடம் மட்டும் சொன்னதை, மார்க் கேட்கிறவரிடமும் மகள் புராணம் பாடுகிறவரிடமும் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாய். என்னைக் கேட்டாயா? நான் என்ன புட்டியில் பிடித்து வைத்த தண்ணீரா?

கேட்டதற்குப் பதில். வேலை செய்கிற இடத்தில், நோயாளிகளைப் படுக்க வைக்கும் மேசையில் படுத்தேன். விரிப்பு இல்லை, மேலே கோட்டைப் போர்த்திக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. இது உனக்கு. அந்த அம்மாவிடம்கூடச் சொல்லாதே.

இனி எழுதுவதானால் உன்னுடையதை எழுது. இல்லாவிட்டால் எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. உன் நலத்தை அத்தானிடம் விசாரித்து விசாரித்து அலுத்துவிட்டது.

வாலு

மார்ச் 9

அன்புள்ள வாலு,

உன்னைக் கேட்காமல் எடுத்தது தப்பு. அந்த மேசையைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

போன வாரம் அந்த அம்மாவிடம் போகவில்லை. நாளை போய் என்னுடையதைச் சொல்லப் போகிறேன். முதலில் உனக்கு.

உன் அத்தான் அன்றைக்கு விழுந்தது குளியலறையில். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது, நான் அடுக்களையில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது டாக்டர் நன்றாக இருக்கிறார் என்கிறார். அறிக்கையும் அதையே சொல்கிறது. யாரோ ஒருமுறை சோதித்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை. நானும் அப்படித்தானே போட்டுக்கொண்டிருந்தேன். அவர் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே போய் நிற்கிறேன். சத்தம் மாறினால் தட்டுகிறேன். மத்தியானம் கண்ணயர்ந்தாலும் போய் நின்று மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது நடந்தது, வாலு. அதனால் உட்காருவதில்லை. எழுதிப் பார்த்தால் முட்டாள்தனமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான்.

பாட்டு விஷயம் நேற்றுத்தான் தெரிந்தது. இப்படிக் கழுதைக் குரலில் எதற்கு என்று கேட்டேன். துவாலையை உதறிக்கொண்டே, "பாடாட்டி நீ கதவைத் தட்டுவே. தட்டினா எனக்குப் பயமா இருக்கு" என்றார். ஐந்து மாதமாக எனக்காகப் பாடியிருக்கிறார். நான் அதைக் கேலி செய்து உனக்கு எழுதியிருக்கிறேன்.

இன்றைக்கு ஒருநாள் பாட வேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மா சொல்லவில்லை, இது என் யோசனைதான். "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். முதலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இப்போது நின்றிருக்கிறது. சோப்புப் போடுகிறாராயிருக்கும்.

நான் இன்னும் எழவில்லை.

உன்
அக்கா