மச்சான் வேலை பழகிய சுவர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். மூன்று மணிக்கு இடி, மழை. அம்பிட்டியவில் அத்திவாரம் வெட்டி முடிந்தது.

வாங்க வேண்டியவை: சீமெந்து. மணல் அரை லோட். இரண்டு அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒரு நீளம். நூல். கல் நனைக்க ஒரு டிரம் (பழையது ஓட்டை).

இதுவரை மற்ற மேசன் பாஸ்மாருக்குக் கீழேதான் வேலை. இதுதான் என் பொறுப்பில் எடுத்த முதல் வேலை. வீட்டுக்கார ஐயா யாழ்ப்பாணத்தவர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு. மழை பெய்தால் மண் குசினி வாசலுக்கே வருகிறது. அதைத் தாங்க நாலரை அடி உயரத்தில் செங்கல் சுவர், இருபத்தைந்து அடி நீளம். சுவர் சரியாக வந்தால் அதே பாதையில் இன்னும் இரண்டு வீட்டு வேலை பிடித்துத் தருவாராம். "உம்மட வேலையைப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்றார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்தால் விஜி தேநீரோடு வடையும் வைத்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. கேட்டாள். அவள் அண்ணனை, என் மச்சானை, வேலை பழக எடுக்க வேண்டுமாம்.

ஒக்டோபர் 15, புதன்

தூறல். பஸ் பிந்தியது.

சரி என்று சொல்லிவிட்டேன். விஜிக்குச் சந்தோஷம். ஏன் சரி என்றேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அவர் என் முன்னால் கல் சுமப்பதைப் பார்க்க வேண்டும்.

மச்சான் பல்லேகலவில் ஒரு கார்மெண்ட்ஸில் பத்தொன்பது வருடம். கடைசியில் சூப்பர்வைசர். மே மாதம் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 45. என்னைவிட நாலு மூப்பு. பெண் கேட்டுப் போன அன்று என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "நகத்துல இருக்கிற சீமெந்து கல்யாணத்தன்னைக்காவது போயிருமா?" என்று கேட்டவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

நான் வேலை பழக்கப்போகிற முதல் ஆள் இவர். வாய்த்ததைப் பார்.

ஒக்டோபர் 16, வியாழன்

வெயில். காங்கிரீட் போட்டோம்.

ம. (இனி மச்சானை இப்படித்தான் எழுதப்போகிறேன், முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை) அயன் பண்ணிய சட்டையில் வந்தார். பொக்கெட்டில் பேனை, ஒரு சின்னக் கொப்பி.

"மாப்ள, நா என்ன செய்யணும்?"

"வேலையிடத்துல பாஸ்னு கூப்பிடுங்க. மத்தவங்க இருக்காங்க."

மற்றவர்கள் என்றால் மணல் கொண்டுவந்த லொறிக்காரன் ஒருவன்தான். அவனும் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"சரிங்க பாஸ்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை.

ஒரு தொல்லை: இவரைத் திட்ட முடியாது. எனக்கு வேலை பழக்கிய பாஸ் கலவைக் கரண்டியால் முதுகில் அடிப்பார். நான் இவரிடம் "மச்சான், கண்ணு தெரியலைங்களா?" என்று மரியாதையாகத் திட்ட வேண்டியிருக்கிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. கல் இறக்கியாயிற்று.

காலை முழுக்க அவருக்குக் கல் நனைக்கிற வேலை. காய்ந்த கல் கலவையில் உள்ள தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு பிடிக்காது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். எவ்வளவு நேரம் நனைக்க வேண்டும் என்று கேட்டார். குமிழி நிற்கும் வரை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி.

மத்தியானம் உள்ளங்கையில் மூன்று கொப்புளம். எனக்குத் தெரியாமல் கையை மடித்துக்கொண்டு சாப்பிட்டார். பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விஜி: "அண்ணன் எப்புடி செய்றாரு?"
நான்: "பரவால்ல."

ஒக்டோபர் 18, சனி

மேகமூட்டம். ம.வுக்குக் கரண்டி கொடுத்த நாள். மூலையில் மூன்று வரி பழகக் கட்டச் சொன்னேன்.

முதல் தடவை கோணல். உடைக்கச் சொன்னேன். இரண்டாம் தடவை சரியாகத்தான் இருந்தது. உடைக்கச் சொன்னேன். "எது பிழைங்க பாஸ்?" என்று கேட்டார். "கண்ணு பழகினா தெரியும்" என்றேன். மூன்றாம் தடவை இன்னும் நன்றாக இருந்தது. துணித் தையலில் நேர் பார்த்த கண். நான் இதற்கு ஆறு மாதம் எடுத்தேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையில் இருந்தே மழை. வேலை இல்லை.

ம. குடும்பத்தோடு வத்தேகமவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். விஜிக்குச் சேலை, மகளுக்குச் சட்டை, எனக்கு நீலக் கோடு போட்ட சேர்ட். வேலை போன மனுசனுக்கு எதற்கு இது? கழுத்து, தோள் எல்லாம் அளவெடுத்த மாதிரி. பார்த்தே அளவு சொல்லிவிடுவாராம். வீட்டில் என்னை "பாஸ்" என்று கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். மகள் நாள் முழுக்க "பாஸ் அப்பா, பாஸ் அப்பா" என்று கொன்றுவிட்டாள்.

சேர்ட் பிடித்திருந்தது. சொல்லவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய்

வெயில். சுவர் தொடங்கியது. ஐயா தேங்காய் உடைத்தார்.

இரண்டு மூலையும் நான். நடுவில் நூல் பிடித்து நிரப்புவது ம. நூலைக் கல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, தொடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஆறு வரி.

ஒக்டோபர் 22, புதன்

வெயில், பிறகு இடி மட்டும்.

மத்தியானம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது ம. கேட்டார்: "பாஸ், வார வழியில பாதையோரத்துச் செவத்துல எல்லாம் கொழாய்த் துண்டு நீட்டிக்கிட்டு இருக்கே. தண்ணி வடியத்தானே? நம்ம செவத்துக்கு வேணாங்களா?"

சோற்றுப் பார்சலை மடித்து ஓரமாக வைத்தேன்.

மறந்துவிட்டேன். மண் தாங்குகிற சுவருக்குத் தண்ணீர் வடியக் குழாய் வைக்காவிட்டால் பின்னால் தண்ணீர் நின்று தள்ளிவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, பையில் போட்டு, பலகைக்கு அடியில் வைத்ததும் நான்தான். நேற்று மூன்றாம் வரியில் வைத்திருக்க வேண்டும். இவர் எப்போது பிழை விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் நான் விட்டுவிட்டேன்.

"அதெல்லாம் ரோட்டுச் செவத்துக்கு மச்சான். மேல லொறி ஓடுதுல்ல. வீட்டுச் செவத்துக்கு எதுக்கு?"

"ஓ, அப்புடிங்களா" என்றார். கை கழுவிவிட்டு வந்து கொப்பியில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொய்யை எழுதி, அடியில் கோடு வேறு.

ஒக்டோபர் 23, வியாழன்

விடியற்காலைப் பனி. முதல் பஸ்ஸில் போனேன். ம. வருவதற்குள் ஆறு இடத்தில் உடைத்துக் குழாயைச் செருகிவிடலாம் என்று கணக்கு. கலவை இன்னும் பச்சை, ஒரு மணி நேர வேலை.

எனக்கு முன்பே வந்து கல் நனைத்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வெரசா முடிச்சிரலாம்னு வந்தேன் பாஸ்."

அவருக்கு முன்னால் உடைக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். வேறு காரணம் எழுதினால் அது பொய். எட்டாம் வரியில்கூட வைத்திருக்கலாம். வைத்தால் ஏன் என்று கேட்பார்.

ஒக்டோபர் 27, திங்கள்

வெயில். சுவர் முடிந்தது. பின்னால் மண் போட்டு இறுக்கினோம்.

ஐயா வந்து கையால் தடவிப் பார்த்தார். "வடிவாய் இருக்கு. நடுவில வரி நல்ல நேர்" என்றார். நடுவில் கட்டியது ம. "ஆமாங்கய்யா" என்றேன். ம. அந்தப் பக்கம் டிரம் கழுவிக்கொண்டிருந்தார், கேட்டிருக்கும். ஐயாவின் மனைவி மேலே பூச்சட்டி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றேன்.

ஒரு கிழமை பொறுத்து மேல் பூச்சு.

நவம்பர் 2, ஞாயிறு

மூன்றாம் நாளாக மழை. வீட்டில். கூரைத் தகரத்தில் சத்தம் கூடும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். விஜி, "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அம்பிட்டியவில் மண் இறுக்கம், சுவர் நிற்கும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டது.

ஏழு மணிக்கு ஐயாவின் போன். "உடன வாரும்." போனை வைத்துவிட்டார்.

ம.வும் வந்தார். சுவர் நடுவில் வயிறு தள்ளி, பன்னிரண்டு பதின்மூன்று அடி அப்படியே முன்னால் விழுந்து கிடந்தது. துணி துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஐயாவின் மனைவி அந்த இடத்தில் இருந்து உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகவில்லையாம். கதிரையில் உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அடியில்லை. அதற்குக் கும்பிட வேண்டும்.

ஐயா சத்தம் போடவில்லை. "இந்த நடுப்பகுதி ஆர் கட்டினது? தண்ணி போக வழி வைக்கேல்லையே?"

என் வாய் எனக்கு முன்னே போய்விட்டது. "அது புது ஆள் கட்டினதுங்கய்யா. வேலை பழகுறவரு. நா கொழாய் அறுத்துக் குடுத்தேன். வைக்காம விட்டுட்டாரு."

அதோடு நிறுத்தவில்லை. பலகையைத் தூக்கி, பையை எடுத்து, துண்டுகளைக் கொட்டிக் காட்டினேன். ஆறு துண்டு.

ம. மண்வெட்டியோடு பக்கத்தில்தான் நின்றார். அந்தத் துண்டுகளை அவர் இன்றுதான் முதல் தடவை பார்க்கிறார். துண்டுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

ஐயா ம.விடம்: "ஓமோ? உண்மையோ?"

ம.: "ஆமாங்கய்யா. மறந்துட்டேன். மன்னிச்சிக்கங்க."

"இனி இவரை இங்க கொண்டு வரவேண்டாம்" என்றார் ஐயா, என்னிடம்.

பஸ் நிற்குமிடம் வரை ம.வோடு போனேன். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று நான் கேட்கும் முன் அவரே சொன்னார்:

"பத்தொம்போது வருசம் லைன் பாத்தேன் மாப்ள. தையல் பிழைன்னு உருப்படி திரும்பி வந்தா யாராவது ஒரு புதுப் புள்ளயக் காட்டி விட்டுருவேன். அதுங்க அழும். நா கணக்கு எழுதப் போயிருவேன். ஒங்க மூஞ்சியப் பாத்ததும் அதேதான்னு தெரிஞ்சிருச்சி."

கண்டி பஸ் வந்தது. ஏறிவிட்டார். பாஸ் என்று சொல்லவில்லை, மாப்ள என்றார். இப்போதுதான் கவனிக்கிறேன்.

நவம்பர் 5, புதன்

வெயில். தனியாக மண் அள்ளினேன். உடையாத கல் பொறுக்கியது பாதிக்கு மேல். கலவையைத் தட்டும்போது பார்த்தேன், ம.வின் வரிகளில் கலவை எங்கும் ஒரே கனம். என் மூலைகளில் அப்படி இல்லை.

முதுகு வலி. விஜிக்கு இன்னும் சொல்லவில்லை. அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டாள். காய்ச்சல் என்றேன்.

நவம்பர் 8, சனி

இரவு பெய்து விட்டிருந்தது. நடுப்பகுதியை நேற்றே திரும்பக் கட்டி முடித்திருந்தேன், குழாய் வைத்து. இன்று நான் போனபோது ஆறு குழாயிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐயா தேநீர் கொடுத்தார். "நீர் உம்மட கையால கட்டினா இப்பிடி இருக்கும். சொந்தக்காரர் எண்டு பாத்து ஆளை வைக்கக்கூடாது. கடைசி வீட்டு அக்காவிட்டச் சொல்லிட்டன், திங்கக்கிழமை போய் அளந்து பாரும்."

சொல்லியிருக்கலாம். தேநீர் முடிகிற வரை நேரம் இருந்தது. "நன்றிங்கய்யா" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது.

விஜி காலையில் பல்லேகலவுக்குப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு மத்தியானம் வந்தாள். கண் சிவந்திருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது, இனி ஆக வேண்டியது ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உண்மையில் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

ம. ஒரு கடையில் வாசல் காவலுக்குச் சேர்ந்துவிட்டாராம். நாளையில் இருந்து. நின்றுகொண்டே இருக்கிற வேலை.

"அண்ணனே வாய் விட்டுச் சொல்லிட்டாருங்க. செவரு விழுந்தது அவரால தானாம். அந்தம்மாவுக்கு ஏதும் ஆயிருந்தா ஒங்களத்தான் புடிச்சி உள்ள போட்டிருப்பாங்க. நீங்க எங்கிட்டக்கூடச் சொல்லாம, காய்ச்சல்னு சொல்லி, அவரு மானத்தக் காப்பாத்தினீங்க."

நான் பேசாமல் இருந்ததையும் அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப ஒங்களக் கேலி பண்ணினதுக்கும் சேத்து மன்னிப்பு கேக்கச் சொன்னாரு" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். மீன் குழம்பு. நடுத்துண்டை எனக்கு வைத்தாள்.

நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.